முடியல என்றால் சிவப்பு

என் குரலுக்கு என்னைவிட நல்ல குணம். அது யார் மேலும் எரிந்து விழாது. ஒரே கேள்வியை ஊரில் அத்தனை பேரிடம் கேட்டாலும் அலுத்துக்கொள்ளாது. தினமும் காலையில் மேற்குத் தாம்பரத்திலும் பெருங்களத்தூரிலும் முடிச்சூரிலும் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களின் போன் அடிக்கும். எடுத்தால் நான் பேசுவேன். "வணக்கம். காலை மாத்திரை போட்டாச்சா?" என்பேன். பதில் சொன்னதும், "உடம்பு எப்படி இருக்கு?" என்பேன். அதற்கும் பதில் சொல்லி நிறுத்தியதும், "நன்றி. நாளைக்குப் பேசலாம்" என்று வைத்துவிடுவேன். அந்த நேரத்தில் நிஜமான நான், கிழக்குத் தாம்பரத்தில் ஒரு இரண்டாம் மாடி வீட்டில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு, யாரிடமும் பேசாமல் நின்றிருப்பேன்.

எனக்கும் அந்த அழைப்பு வரும். ஆரம்பத்தில் சோதித்துப் பார்ப்பதற்காக ஆபீசில் எல்லோருடைய நம்பரையும் சேர்த்திருந்தார்கள். கொஞ்ச நாளில் மற்றவர்கள் தொல்லை தாங்காமல் தங்கள் நம்பரை நீக்கச் சொல்லிவிட்டார்கள். நான் சொல்லவில்லை. காலையில் யாராவது "உடம்பு எப்படி இருக்கு" என்று கேட்டால் என்ன, குறைந்தா போய்விடும்? கேட்பது நானேதான் என்றாலும் "நல்லா இருக்கேன்" என்று மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டுத்தான் பாலை இறக்குவேன்.

நான் ஒரு பத்திரிகையில் பிழை திருத்திக்கொண்டிருந்தவள். அது கழுதை தேய்ந்து கட்டெறும்பாகி, ஒருநாள் கட்டெறும்பும் இல்லாமல் போயிற்று. அம்மாவும் ஏறக்குறைய அதே சமயத்தில் போய்ச் சேர்ந்தாள். கல்யாணம் செய்துகொள்ளாத மகள், வேலையில்லாத ஐம்பது வயது, பேச ஆளில்லாத வீடு. நாவலூரில் ஒரு சின்னக் கம்பெனியில் தமிழ் எழுத ஆள் வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போக முடியாதவர்களுக்கு, படிக்கத் தெரியாதவர்களுக்கு, வயதானவர்களுக்குப் போன் மூலமாக வைத்தியம் போய்ச் சேர வேண்டும், அதற்கான வேலை என்றார். கேட்கவே நன்றாக இருந்தது. மேடவாக்கம், சோழிங்கநல்லூர் என்று பஸ் மாறிப் போய் இறங்கினேன். கண்ணாடிக் கட்டடம், எலும்பைக் கடிக்கிற ஏசி, என் வயதில் பாதி உள்ள பிள்ளைகள். எல்லோருக்கும் நான் அக்கா.

அவர்கள் முதலில் செய்து வைத்திருந்தது ஸ்மார்ட் போனில் ஓடுகிற ஆப். பச்சை டிக், சிவப்பு இதயம், ஏறி இறங்கும் கோடு. பார்க்க அழகாகத்தான் இருந்தது. மேற்குத் தாம்பரத்தில் எங்களோடு சேர்ந்து வேலை செய்ய ஒத்துக்கொண்ட ஒரு கிளினிக்கில் கொண்டுபோய்க் காட்டினோம். முக்கால்வாசிப் பேர் கையில் பட்டன் போன். நல்ல போன் இருந்த வீட்டிலும் அது நோயாளியின் கையில் இல்லை. "அது எம் புள்ள போனும்மா. வேலக்கி எடுத்துகினு பூடுவான். ராத்திரிதான் வரும்" என்றார் ஒருவர். மாத்திரை போட வேண்டிய நேரத்தில் அந்த அழகான சிவப்பு இதயம் மறைமலை நகர் தொழிற்சாலையில் மகனின் சட்டைப் பையில் துடித்துக்கொண்டிருக்கும்.

சரி, சாதாரண போன் அழைப்பே போதும் என்று மாற்றினார்கள். "ஆம் எனில் எண் ஒன்றை அழுத்தவும்" என்று எழுதி வைத்திருந்தார்கள். எனக்கு வந்ததே கோபம்! எந்த வீட்டில், எந்த அடுப்படியில் நின்று யார் "ஆம் எனில்" என்று பேசுகிறார்கள்? அதோடு, அழுத்த வேண்டுமென்றால் போனைக் காதிலிருந்து எடுக்க வேண்டும், கண்ணாடியைத் தேட வேண்டும். அதற்குள் அடுத்த கேள்வி போய்விடும். சண்டை போட்டு, வாயால் சொன்னால் போதும், மிஷின் கேட்டுப் புரிந்துகொள்ளும் என்று கொண்டு வந்தோம். குரல் கொடுக்க வெளியாள் தேட வசதியில்லை. "அக்கா, நீங்களே பேசிடுங்க. உங்க வாய்ஸ்ல ஒரு அம்மா ஃபீல் இருக்கு" என்றார் எங்கள் டீமை நடத்தும் இளைஞர். எனக்கு ஏது அம்மா ஃபீல்? என் அம்மாதான் என் தொண்டையில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறாள் போல.

மிஷின் ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு நிறம் கொடுக்கும். பச்சை என்றால் நலம். மஞ்சள் என்றால் மாத்திரை போட்டு முடிக்கவில்லை, சாயங்காலம் மிஷினே மறுபடி கூப்பிட்டு ஞாபகப்படுத்தும். சிவப்பு என்றால் உடம்பு சரியில்லை. சிவப்பு விழுந்தால் கிளினிக்கில் இருக்கும் சிஸ்டர் உடனே போன் செய்து விசாரிப்பார். இத்தனை பேருக்கும் ஒரே ஒரு சிஸ்டர்தான். அதனால் சிவப்பை அள்ளி வீசிவிடக் கூடாது என்பது ஆபீசின் கவலை. நியாயமான கவலைதான்.

என் இன்னொரு வேலை, பதிவான பதில்களைக் கேட்டு மிஷின் சரியாகப் புரிந்துகொண்டதா என்று பார்ப்பது. பேசுபவர்களிடம் முன்பே சொல்லி அனுமதி வாங்கியிருந்தார்கள். பெயர் வராது, போன் நம்பரும் வராது, ஒரு அடையாள எண் மட்டும் வரும். இரண்டு மூன்று நாள் பழையதாகத்தான் என் கைக்கு வரும். "ஆச்சு." "ம்." "ஆங்." "போட்டேம்மா." "யாருங்க பேசறது?" ஒருவர் தினமும் ராங் நம்பர் என்று வைத்துவிடுவார். இத்தனை பேர் என்னிடம் பேசுகிறார்கள், ஒருவரும் என்னோடு பேசவில்லை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்பது ஒரு விதமான தண்டனை.

அந்தக் கூட்டத்தில் ஒருத்தி மட்டும் பேசினாள்.

முதல் நாளே "யாரு தங்கச்சி நீ? கொரலு நல்லா கீதே" என்று ஆரம்பித்தாள். பின்னால் தையல் மிஷின் ஓடும் சத்தம். நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லி நிறுத்தும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. "போட்டேன் தங்கச்சி. ஒடம்பு நல்லாத்தான் கீது. நேத்து ஒரு கல்யாணப் பொண்ணோட ஜாக்கெட்டத் திருப்பிக் கொண்ணாந்து குடுத்துட்டாங்க, கையி டைட்டாம். அளவு எடுத்தப்ப ஒல்லியா இருந்தா. கல்யாண சந்தோஷத்துல துன்னு துன்னு பெருத்துட்டா, நான் இன்னா பண்ணுவேன்?" பேசுபவர் பேசி முடிக்கும் வரை மிஷின் காத்திருக்கும், அந்த ஒரு மரியாதை அதற்கு உண்டு. அவள் மூச்சு வாங்க நிறுத்தினதும் என் குரல் "நன்றி, நாளைக்குப் பேசலாம்" என்று குறுக்கே விழும். "சரி சரி, நீ போய் ஒன் வேலயப் பாரு" என்பாள்.

பெயர் தெரியாததால் என் மனதுக்குள் அவளைத் தையல்காரம்மா என்று வைத்துக்கொண்டேன். கேட்கக் கேட்க அவள் வீடு எனக்குத் தெரிந்துபோயிற்று. கணவர் இறந்துவிட்டார், "மவுத்தாயிட்டாரு" என்பாள். ஒரே மகன் வளைகுடாவில் வேலை. பக்கத்தில் பள்ளிவாசல், தொழுகைக்குப் பாங்கு சொல்வது சில பதிவுகளில் கேட்கும். "வூட்ல யாரும் இல்லியான்னு கேக்காத. எனக்கு ரெண்டு காலு, மிஷினுக்கு நாலு காலு. மொத்தம் ஆறு காலு கீது இங்க" என்றாள் ஒருநாள். நான் ஆபீசில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ரம்ஜான் மாதம் வந்தபோது என்னை ஒரு பிடி பிடித்தாள். "நோன்பு வச்சிகினு கீறேன், நீ பட்டப்பகல்ல மாத்திர போட்டியாங்கற! டாக்டரம்மா சொன்னாப்ல விடியறதுக்கு முன்னாடி சஹருக்கே போட்டாச்சு. நீ முஸ்லிம் இல்லியா? இல்லாங்காட்டி இன்னா, பக்கத்து வூட்டு ஆளுக்கு நோன்புன்னு தெரியாதா?" உண்மைதானே, பக்கத்து வீட்டு ஆளுக்குத் தெரியும். நாவலூர் மிஷினுக்குத்தான் தெரியவில்லை. நான் போய்ச் சொன்னேன். நோன்பு இருப்பவர்களுக்கு அழைப்பு சாயங்காலம் நோன்பு திறக்கும் இஃப்தாருக்குப் பிறகு போகும்படி உடனே மாற்றினார்கள். அந்த இளைஞரைச் சும்மா சொல்லக் கூடாது, நல்லதென்று புரிந்தால் தட்ட மாட்டார். அடுத்த பதிவில் "ஆங், இப்பத்தான் நீ மனுசி" என்றாள். எனக்கு அன்றைக்கு முழுவதும் ஒரே பெருமை.

இன்னொன்றையும் அவள் கேட்டாள். "தெனம் மாத்திர போட்டியா, மாத்திர போட்டியான்னு கேக்கறே. ஒரு நாளாவது சோறு துன்னியான்னு கேட்டியா நீ?" இதையும் எடுத்துக்கொண்டு மீட்டிங்குக்குப் போனேன். "சாப்பிட்டாச்சா?" என்று ஒரே ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளலாமே என்றேன். நம் ஊரில் யாரைப் பார்த்தாலும் முதலில் கேட்பது அதைத்தானே.

"கேக்கலாம் அக்கா. ஆனா சாப்பிட்டேன்னா என்ன கலர், சாப்பிடலன்னா என்ன கலர்?" என்றார் இளைஞர்.

"அது கலருக்காகக் கேக்கற கேள்வி இல்லப்பா."

"கலர் இல்லன்னா மிஷின் அத வச்சு என்ன பண்ணும்?"

அந்த வார்த்தை சேரவில்லை.

மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது தையல்காரம்மாவின் பதிவுக்காகத்தான் ஹெட்போனை மாட்டுவேன். தயிர் சாதத்துக்கு ஊறுகாய் மாதிரி அவள் பேச்சு. எனக்குச் சொல்ல வேண்டியதும் நிறைய சேர்ந்துபோயிருந்தது. கீழ் வீட்டுக்காரர் மோட்டார் போடுவதில் செய்யும் அராஜகம், பஸ்ஸில் ஒருத்தி என்னைப் பார்த்து "பாட்டிக்கு எடம் குடுங்க" என்றது, எல்லாவற்றையும் அவளிடம் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்குப் போய்ச் சேர்ந்ததெல்லாம் அதே மூன்று வாக்கியம்தான். நோயாளிகளை நாங்களாகக் கூப்பிடக் கூடாது என்பது விதி. கூப்பிட நம்பரும் எனக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை காலை வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். புதிதாக வந்திருந்த பதிவுகளில் அவள் எண்ணைத் தேடி முதலில் வைத்தேன். மாத்திரை போட்டாச்சா? "போட்டேன்." உடம்பு எப்படி இருக்கு? "முடியல தங்கச்சி."

அவ்வளவுதான். அதற்கு மேல் பேச்சில்லை. தையல் மிஷின் சத்தமும் இல்லை, மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. நிறத்தைப் பார்த்தேன். மஞ்சள். அன்று சாயங்காலமே என் குரல் மறுபடி அவளைக் கூப்பிட்டிருந்தது. "காலை மாத்திரை போட்டு முடிக்கலைன்னா, இப்போ போட்டுடுங்க." அவள், "போட்டாச்சும்மா. முடியலன்னுதான சொன்னேன்" என்றாள். மறுபடி மஞ்சள். அடுத்த நாள் காலை, "முடியல." மஞ்சள். அன்று சாயங்காலம் கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு "முடியலம்மா" என்று ஈனசுரத்தில் வந்தது. அதற்கும் மஞ்சள். அதற்குப் பிறகு அவள் எடுக்கவே இல்லை.

என்ன நடந்திருக்கிறது என்று எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. மிஷினுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர்கள், முடியல என்றால் முடிக்கவில்லை, வேலை பாக்கி இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அகராதியைப் பார்த்தால் தப்பே இல்லை. ஆனால் என் அம்மா கடைசி வருடத்தில் ஒருநாள்கூட "எனக்கு உடம்பு சரியில்லை" என்று சொன்னதில்லை. "முடியலடி" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. முடியல என்பது நம் வீட்டுப் பெண்கள் சொல்லும் கடைசி வார்த்தை. முடிந்தவரை சமாளித்துவிட்டு, இனி ஆகாது என்ற பிறகுதான் அது வாயிலிருந்து விழும்.

கிளினிக் சிஸ்டருக்குப் போன் போட்டேன். எண்ணைச் சொன்னேன்.

"அவங்க ரெட்ல வர்லயே மேடம். மஞ்சள்ல கீறாங்க. மஞ்சளுக்கு மிஷினே பேசிக்கும்ல" என்றார்.

"மஞ்சளாவது மண்ணாங்கட்டியாவது! அவங்களுக்கு உடம்பு முடியல சிஸ்டர். நாள் கணக்கா சொல்லிட்டிருக்காங்க. உடனே கூப்பிடுங்க!" என்று கத்தினேன்.

அவர் என்ன செய்வார், பாவம். அவருக்கு வந்ததெல்லாம் நிறம்தானே. கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "ஸ்விட்ச் ஆஃப் மேடம். அட்ரஸ் கீது. ஓபி முடிஞ்சதும் போய்ப் பாக்கறேன்" என்றார். நானும் வருகிறேன் என்று வைத்தேன். ரயில்வே மேம்பாலத்தில் சனிக்கிழமைக் கூட்டம். இடித்துக்கொண்டு, திட்டு வாங்கிக்கொண்டு, திருப்பித் திட்டிக்கொண்டு மேற்குப் பக்கம் இறங்கினேன். வழியெல்லாம் ஒரே நினைப்பு, அவள் செத்துக் கித்துப் போயிருக்கக் கூடாது. நான் சாமி கும்பிடுவதை அம்மாவோடு விட்டவள். அன்று எல்லா சாமியையும், அவளுடைய அல்லாவையும் சேர்த்துத்தான் கும்பிட்டேன்.

பள்ளிவாசலுக்குப் பின்னால் ஒரே வரிசையில் சின்னச் சின்ன வீடுகள். சிஸ்டர் முன்னால் போக, நான் பின்னால் போனேன். பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "மிஷின் சத்தமே காணோம், தங்கச்சி வூட்டுக்கு ஊருக்குப் பூட்டாங்கன்னுல்ல நெனச்சோம்" என்றாள். கதவு சாத்தித்தான் இருந்தது, தாழ் போடவில்லை.

தையல் மிஷினுக்குப் பக்கத்தில் தரையில் பாயில் கிடந்தாள். நான் மனதில் வரைந்து வைத்திருந்தது பருமனான, சிரித்த முகம். இவள் ஒல்லி. உதடு காய்ந்து, நெற்றி அனலாகக் கொதித்தது. ஒரு காலை லைனிங் துணியால் சுற்றியிருந்தாள். நாற்றம் வந்தது. நான் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உடம்பு எப்படி இருக்கு?" என்றேன்.

கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "முடியலன்னு எத்தினி வாட்டி சொல்றது ஒனக்கு? காது கேக்காதா?"

பிறகு கை மட்டும் பாயைத் தடவிப் போனைத் தேடியது.

சிஸ்டர் துணியை அவிழ்த்தார். தையல் மிஷினின் உடைந்த ஊசி முனை ஒன்று பாதத்தில் ஏறி, உள்ளேயே இருந்து சீழ் பிடித்திருந்தது. சர்க்கரை முற்றினால் பாதத்தில் உணர்ச்சி போய்விடும். குத்தியது அவளுக்குத் தெரியவே இல்லை. அந்தக் காலாலேயே மிஷினை மிதித்திருக்கிறாள். காய்ச்சல் வந்த பிறகுதான் ஏதோ சரியில்லை என்று தெரிந்திருக்கிறது. அதை யாரிடம் சொல்வாள்? தினமும் கேட்கிறவளிடம் சொல்லியிருக்கிறாள்.

ஆட்டோவில் அள்ளிப் போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கால் தப்பியது. இரண்டு விரல் போயிற்று. இன்னும் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னபோது, நான் வராந்தாவில் சுவரோரமாக உட்கார்ந்து அழுதேன். சிஸ்டர் கேன்டீனிலிருந்து ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு டூட்டிக்கு ஓடினார்.

திங்கட்கிழமை ஆபீசில் அந்தப் பதிவுகளைப் போட்டுக் காட்டினேன். "இனிமே முடியலன்னா சிவப்பு" என்றேன்.

இளைஞர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அக்கா, எனக்குப் புரியுது. எங்க பெரியம்மாவும் அப்படித்தான் சொல்வாங்க. ஆனா முடியலன்னு நாமளே ஒரு நாளைக்கு எத்தன தடவ சொல்றோம்? வெயில்ல முடியல, மருமக தொல்ல முடியல, இந்த ஜோக்கு முடியல. எல்லாத்தையும் சிவப்புல போட்டா சிஸ்டரால யாரையுமே பாக்க முடியாது. அப்ப இவங்கள மாதிரி இன்னொருத்தர் அந்தக் கூட்டத்துல காணாமப் போயிடுவாங்க."

அவர் சொன்னதிலும் ஒரு பிழையும் இல்லையே! சண்டை போடுவது சுலபம், ஒரு சொல்லுக்கு வழி கண்டுபிடிப்பது சுலபமில்லை. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் வழி வீட்டுப் பேச்சிலேயே இருந்தது. அம்மா முடியலடி என்றால் நான் என்ன கேட்பேன்? "என்ன முடியல?" என்றுதானே கேட்பேன். யாராவது முடியல என்று சொன்னால் மிஷின் இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும். "உடம்பு முடியலையா, இல்ல மாத்திரை போட முடியலையா?" உடம்பு என்றால் சிவப்பு. கேட்ட பிறகு பதிலே வராவிட்டாலும் சிவப்பு. ஏனென்றால் பேசத் தெம்பில்லாதவர்கள்தான் பேசாமல் இருப்பார்கள். இளைஞர் அப்போதே அந்த விதியை மாற்றி எழுதினார். அந்தக் கேள்வியை நான் பேசிப் பதிவு செய்தேன். பலமுறை திருப்பிப் பேச வேண்டியிருந்தது.

ஆபீஸ் விட்டதும் தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பேசுவதற்கு எனக்கு அவ்வளவு இருந்தது. கீழ் வீட்டு மோட்டார், பஸ்ஸில் என்னைப் பாட்டி என்றவள், எல்லாம். அவள் என்னை ஒரு விருந்தாளி மாதிரி பார்த்தாள். "ஆறு கால்ல ரெண்டு வெரலு கொறஞ்சிடுச்சு" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. "வெறுங்கால்ல மிஷின் மிதிக்கலாமா? தினம் பாதத்தைப் பார்க்கச் சொல்லியிருக்காங்கல்ல? பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்திருக்கலாம்ல?" என்று ஆரம்பித்துவிட்டேன். எனக்குத்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதே.

"கொரலு அவளோடதுதான். ஆனா நீ அவ இல்ல" என்றாள். "அவகிட்ட நான் இன்னா சொன்னாலும் கேட்டுகினே இருப்பா. நீ பதிலு பேசறே."

குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் மேம்பாலம் ஏறி வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது சுருக் சுருக்கென்று குத்தியது. இத்தனை நாள் அவள் எனக்குச் சிநேகிதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கும் ஒரு சிநேகிதி இருந்தாள்தான். அது நான் இல்லை.

வளைகுடாவிலிருந்து அவள் மகன் வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். இனி அம்மாவைத் தனியாக விட மாட்டேன் என்று சொல்லி, வாணியம்பாடியில் இருக்கும் சித்தி வீட்டுக்கு அழைத்துப் போனார். தையல் மிஷினையும் வண்டியில் ஏற்றினார்கள். "வரேன் தங்கச்சி" என்றாள். நம் ஊரில் போகிறவர்கள் எல்லோரும் வரேன் என்றுதான் சொல்கிறார்கள். அங்கே வேறு டாக்டர், வேறு போன். எங்கள் அழைப்பிலிருந்து அவள் எண்ணை எடுத்துவிட்டார்கள். நல்லது நடந்திருக்கிறது, சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்ததும் பழக்கத்தில் ஹெட்போனை மாட்டிவிட்டுக் கழற்றி வைத்தேன்.

புதுக் கேள்வி நன்றாக வேலை செய்தது. முடியல என்றவர்களில் பாதிப் பேர், "அய்யே, வெயிலச் சொன்னேன்மா" என்றார்கள். மீதிப் பேருக்குச் சிஸ்டர் போன் செய்தார். சிலரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், சிலருக்கு மாத்திரை மாற்றினார்கள். ஆபீசில் கைதட்டினார்கள். கேக் வெட்டினார்கள். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்குக் காய்ச்சல் இல்லை, தலைவலிகூட இல்லை. எழுந்து வெகுநேரம் ஆகியும் பாலை அடுப்பில் வைக்கத் தோன்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் கண்டக்டரிடம் "கேம்ப் ரோடு ஒண்ணு" என்றதற்குப் பிறகு நான் ஒருவரிடமும் பேசியிருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. போன் அடித்தது. என் குரல், அம்மாவின் குரல், வணக்கம் சொல்லி மாத்திரை போட்டாச்சா என்றது. எனக்கு ஏது மாத்திரை? வழக்கம்போல "ஆச்சு" என்றேன்.

"உடம்பு எப்படி இருக்கு?"

"முடியல" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. அது பாட்டுக்கு வந்துவிட்டது.

"உடம்பு முடியலையா, இல்ல மாத்திரை போட முடியலையா?" என்று கேட்டது. எவ்வளவு பொறுமையாக, எவ்வளவு பிரியமாகக் கேட்டது! இரண்டும் இல்லை. இரண்டும் இல்லாதவர்களுக்கு நான் அந்தக் கேள்வியில் இடம் வைக்கவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். கொஞ்சம் காத்திருந்துவிட்டு, "நன்றி. நாளைக்குப் பேசலாம்" என்று வைத்துவிட்டது.

சற்று நேரத்தில் மறுபடி போன் அடித்தது. சிஸ்டர்.

"மேடம், இன்னா ஆச்சு? ஒங்க நம்பரு ரெட்ல வந்துகீது!" பதறிப்போயிருந்தார். பின்னால் குழந்தை அழும் சத்தம், குக்கர் விசில். அவருக்கு அன்று விடுமுறை போலிருக்கிறது, வீட்டிலிருந்து பேசினார்.

"ஒண்ணும் இல்ல சிஸ்டர். சும்மா டெஸ்டிங்" என்றேன். குரலை நன்றாகவே வைத்துக்கொண்டேன். அதில்தான் எனக்குப் பழக்கமாயிற்றே.

"டெஸ்டிங்கா? நல்லா டெஸ்டிங் பண்ணீங்க போங்க. ஈரக்கொலையே நடுங்கிடுச்சு" என்று சிரித்தார். வைக்கப் போகிறார் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

"சாப்ட்டீங்களா மேடம்?" என்றார்.

எல்லோரும் எல்லோரிடமும் கேட்பதுதான். "ஆச்சு" என்று சொன்னால் முடிந்துபோகும், எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"இல்ல சிஸ்டர்" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.